எட்டு விசில்

கோழிக்கு இரண்டு விசில்.
வெள்ளாட்டுக்கு நான்கு, கிடா முற்றலென்றால் ஐந்து.
எட்டு என்றால்
கீழே இருப்பவர்களுக்குத் தெரிந்துவிடும்.

அழகாபுரத்தில் இது எங்களுக்கு மூன்றாவது மாடிவீடு.
முதல் வீட்டில் கேட்டுவிட்டார்கள், நேராகவே.
இரண்டாவதில் கேட்கவில்லை,
எண்ணினார்கள்.
ஒரு ஞாயிறு படியில் மறித்து
"கறி ரொம்ப முத்தலுங்களா?" என்று சிரித்தார் அந்த மனிதர்.
அடுத்த மாதம் அவர் மகனுக்குக் கல்யாணம் கூடிவந்தது,
வீடு அவசரமாகத் தேவைப்பட்டது.
அந்தக் கல்யாணம் இன்னும் நடக்கவில்லை.

ஆறு தவணையில் வாங்கினோம் இந்தப் பானையை.
கறுப்புப் பீங்கான், கண்ணாடி மூடி,
திருகினால் ஒரு சிவப்புப் புள்ளி.
அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துத் தேடினான் இனியன்.
"வெயிட்டு எங்கம்மா?"
இதுக்கு வெயிட்டு கிடையாதுடா.
"அப்ப வெந்துருச்சுன்னு யாரு சொல்லுவா?"

காலை ஆறரை.
கிச்சிப்பாளையத்து முஸ்தாக் பாய்
நேற்றிரவு நெஞ்செலும்போடு வெட்டித் தந்த ஒன்றேகால் கிலோ.
ஜவுளிக்கடைப் பை, மேலே ஒரு கட்டு முருங்கைக்கீரை,
வழக்கம்போல.
அடியில் ஆத்தூர் மரவள்ளி, கட்டைவிரல் கனத்தில்.
சின்ன வெங்காயம், தட்டிய இஞ்சி, தேங்காய்ச் சில்லு.
பிறகு
ஏற்காட்டு வண்டியில் கண்டக்டராய்ப் போகிற சவரிநாதன்
பழைய வே-பில்லில் மடித்துக்கொண்டு வந்த மிளகு.
இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்தது,
இன்னும் காரம் குறையவில்லை.
திருகினேன். சத்தமே இல்லை.
பயமாகத்தான் இருந்தது.

நான் எக்ஸ்ரே எடுப்பவள்.
அசையாதீங்க, மூச்சைப் பிடிங்க, விடுங்க,
நாளைக்கு அறுபது முறை.
மணிக்கட்டு, இடுப்பு, ஊஞ்சலில் விழுந்த ஒரு சிறுமியின் கழுத்தெலும்பு.
அங்கே யாருமில்லாத வீட்டில்
ஒரு எலும்பு மெல்ல மெல்லத்
தன் சதையை விட்டுக்கொண்டிருந்தது.
பதினொன்றரைக்குக் கரண்ட் போனது.
ஆஸ்பத்திரி ஜெனரேட்டர் உறுமி எழுவதற்குள்
அழகாபுரத்திலும் போயிருக்குமோ என்று
மூச்சைப் பிடித்தேன்,
விடச் சொல்ல ஆளில்லை.

ஒன்றை யோசிக்காமல் விட்டிருந்தேன்.
விசிலை அடக்கலாம்.
பத்து மணி நேரம் வெந்த வாசனை
மிளகும் தேங்காயும் எலும்பு நெய்யுமாக
படிக்கட்டில் உட்கார்ந்திருந்தது,
பாக்கி கேட்க வந்த ஆள் மாதிரி.

கீழ்வீட்டுக் கதவு திறந்திருந்தது.
"உங்க வீட்ல காலைல இருந்து..." என்றார் மங்கையர்க்கரசி அம்மா.
நான் செருப்பைக் கழற்றவில்லை.
"...மோட்டாரு ஓடிட்டே இருந்துச்சு. தொட்டி வழிஞ்சு
செடியெல்லாம் முங்கிப்போச்சு. நாந்தான் நிறுத்துனேன்."
மூக்குத்தி ஒருமுறை உயர்ந்து தாழ்ந்தது.
அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லாததை எந்தக் கணக்கில் எழுதுவது?
மாடி ஏறும்வரை
அந்தக் கதவு சாத்தும் சத்தத்துக்குக் காத்திருந்தேன்.

மலையில் மழை. காக்கி ஈரத்தோடு வந்தார் சவரிநாதன்.
மூடியைத் தூக்கினால் உள்பக்கம் வியர்த்து ஒழுகியது.
கரண்டி பட்ட இடத்தில் கறி தானாகப் பிரிந்தது.
எலும்பு சும்மா வந்தது,
மழைக்கோட்டிலிருந்து கை வருவதுபோல.
கிழங்கு குழம்பைக் குடித்துப் பருத்திருந்தது.
ஜெசிந்தாவுக்கு நாளைக்குத் தேர்வு,
கணக்கு நோட்டை மூடாமலே சாப்பிட்டாள்,
ஒரு தேற்றத்தின் மேல் மஞ்சள் சொட்டு.

இனியன் தட்டைத் தொடவில்லை.
உதட்டைக் குவித்தான்,
பல் விழுந்த சந்து வழியே
ஒன்று. இரண்டு.
மூன்றாவதில் மூவரும் நிமிர்ந்தோம்.
நான்கில் ஜன்னலைச் சாத்த எழுந்தாள் ஜெசிந்தா.
ஐந்து.
அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தார் அப்பா.
ஆறு, ஏழு,
எட்டாவது சரியாக வரவில்லை,
வெறும் காற்று, கொஞ்சம் எச்சில்.
"வெந்துருச்சு" என்றான்.

சோறு பத்தவில்லை.
பழைய குக்கரை எடுத்து
இன்னொரு ஆழாக்கு அரிசி போட்டேன்.
சோற்றுக்கு மூன்று விசில்.