நிகரான பாடம் இல்லை

காலை ஐந்தே முக்காலுக்கு
பள்ளிப் பேருந்தின் கண்ணாடியில் பனி சுரண்டுவாள்
ரோவீனா டெலோர்ம்.
பதினோரு நிறுத்தம், முப்பத்தெட்டுப் பிள்ளைகள்.
அதன் பிறகுதான் கல்லூரி.

கல்லூரி என்றதும் கோபுரம் எதுவும் நினைக்க வேண்டாம்.
நீளமாய் ஒரு கட்டடம், பின்னால் புரொபேன் தொட்டி,
அதற்கும் பின்னால் வடக்கு டகோட்டா,
கனடா வரைக்கும் தடையில்லாமல்.
கால்குலஸ் வகுப்பில் மொத்தம் மூன்று பேர்:
இவள், டேரில் லாஃபவுன்டன்,
கசினோவில் இரவு வேலை முடித்து வந்து
முதல் சமன்பாட்டிலேயே கண் செருகும் மேவிஸ்.
ஒருத்தர் வராவிட்டால்
வகுப்பில் முப்பத்து மூன்று சதவீதம் காணோம் என்பான் டேரில்.
புள்ளிக்குப் பின்னும் மூன்று, மூன்று, மூன்று
என்று முனகிவிட்டு மேவிஸ் மறுபடி தூங்குவாள்.

பிப்ரவரியில் ஏரிக்குப் போனார்கள்.
இருபத்தெட்டு அங்குலம் பனிக்கட்டி.
துளைக்கருவி உறுமி உறுமி
கடைசியில் கறுப்புத் தண்ணீர் ஒரு வட்டமாய் மேலே வந்தது.
நிபி என்றான் டேரில், தண்ணீருக்கு.
மிக்வம் என்றாள் இவள், அதைக் காத்த கட்டிக்கு.
மொழி வகுப்பு முந்தின மணிநேரம்தான்,
வாயில் இன்னும் காயவில்லை.

மீன் மூச்சுவிட அடியில் எவ்வளவு மிச்சம்?
கேள்வி அவ்வளவே.
குளிரில் ரசாயனம் உறைந்துவிடும் என்று
குப்பிகளை மேலங்கிக்குள், விலாவோடு ஒட்டிச் சுமந்தாள்.
முப்பத்தொரு குப்பி.
ஆய்வுக்கூடத்தில் ஒவ்வொன்றாய்ச் சொட்டுவிட்டுப் பார்த்தார்கள்:
பழுப்பு, தேன்நிறம், மாவு சேர்த்ததும் நீலம்,
இன்னும் ஒரு சொட்டு,
நீலம் இருந்ததா என்றே சந்தேகம் வருகிற தெளிவு.
மேவிஸ் அன்று தூங்கவில்லை.

பதினேழாவது குப்பி மட்டும் இல்லை.
மேசைக்கு அடியில், வண்டியில், குப்பைக்கூடையில், எங்கும் இல்லை.
பதினாறையும் பதினெட்டையும் கூட்டி
இரண்டால் வகுத்துப் போடேன் என்றான் டேரில்.
அவள் கட்டத்தை வெறுமையாகவே விட்டாள்.

மே மாதம் பட்டம்.
ஜூன் கடைசியில் பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம்.
அறுபத்து நான்கில் அறுபத்து மூன்றை ஏற்கிறோம்.
உயிரியல் வரும், வேதியியல் வரும்,
கால்குலஸ் இரண்டும் அப்படியே வரும்.
குளிர்கால ஏரி ஆய்வு, ஒரு கிரெடிட், வராது.
காரணம் என்ற கட்டத்தில் ஒரே வரி:
எங்களிடம் இதற்கு நிகரான பாடம் இல்லை.

பேருந்துக் கொட்டகையில் நின்றபடியே
டேரிலுக்குப் போனில் படித்துக் காட்டினாள்.
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.
பிறகு சிரிப்பு.
நிகர் இல்லையாமா? அவங்களே எழுதிக் குடுத்துட்டாங்களா?
சட்டம் போட்டு மாட்டு, ரோவீனா.

அவளுக்கும் சிரிப்பு வந்தது, பாதிவரை.
மீதிப் பாதியில்
ஒரு கிரெடிட்டுக்கு அங்கே என்ன விலை என்று
உறையின் பின்புறத்தில் கணக்குப் போட்டாள்.
டயர் இரண்டு மாற்றுகிற பணம்.

மேல்முறையீட்டுப் படிவம் நான்கு பக்கம்.
பாடத்திட்டம் இணைத்தாள்.
அளவீட்டு அட்டவணை இணைத்தாள்,
முப்பது எண்களும் ஒரு வெற்றுக் கட்டமும்.
தபால் நிலையத்துப் பெண் எடை பார்த்து
இன்னொரு தலை ஒட்டச் சொன்னாள்.

பதில் இன்னும் வரவில்லை.

ஆகஸ்டில், கிழக்கே போக மூட்டை கட்டும்போது
மேலங்கியின் உள்துணி கிழிந்த இடத்தில்
விரலுக்கு ஏதோ வழுக்கியது.
பதினேழு.
மூடி இறுக்கமாய்த்தான் இருந்தது.
அடியில் பழுப்பாய் ஒரு படிவு,
மேலே ஆறு மாதத்துக்கு முந்தைய ஏரி.
இனி அளந்தாலும் அதில் உண்மை இருக்காது, தெரியும்.

ஜன்னல் வெளிச்சத்தில் ஒருமுறை சாய்த்துப் பார்த்தாள்.
குறிப்பேட்டைத் தேடி எடுத்து
அந்தக் கட்டத்தில், பென்சிலால்,
கிடைத்தது, அளக்கவில்லை என்று எழுதித்
தேதி போட்டாள்.