மறுகா

பிரதேச செயலகத்தில் கலைஞர் அட்டைக்குப் படிவம்.
கூத்து, நாடகம், நாட்டார் பாடல், சாஸ்திரிய சங்கீதம்,
அத்தோடு பெட்டிகள் முடிந்துவிட்டன.
"றொக்" என்றேன்.
கோகுலரூபி பேனாவை மூடினாள், திறந்தாள்,
'மற்றவை'யில் ஒரு சரி போட்டாள்.
"எந்தக் குழு அன்ரி?"
"எதைச் சொல்ல?"
"முதல்லயிருந்து சொல்லுங்கவன்."

எண்பத்தைந்து, கூழாவடி, 'கறுப்பு இறால்'.
மூன்று தச்சர், ஒரு கொல்லர், நான்.
பழைய கட்டில் பலகையில் அல்போன்ஸ் அறுத்த பேஸ் கிற்றார்
கழுத்தில் கொஞ்சம் வளைவு;
சந்தோஷமான பாட்டும் அதில் அரைச்சுரம் அழும்.
கலியாண வீட்டில் பைலா கேட்டார்கள்.
நான் கத்தினேன்.
மாப்பிள்ளையின் தாய் பஞ்சு தேடினாள்.
கேக் வெட்டுமுன்னே முழுக்காசையும் தந்து
அனுப்பிவைத்தார்கள்.

"மறுகா?"

மறுகா 'ஆறு மணி'.
ஊரடங்கு ஆறுக்கு. ஐந்தே முக்காலுக்குக் கடைசிப் பாட்டு,
கிற்றார் தனி ஆவர்த்தனம் நாற்பது விநாடி,
மற்றதைச் சைக்கிளில் மனதுக்குள் வாசித்துக்கொண்டு போகலாம்.
கல்லடிப் பாலத்துச் சாவடியில் ஒருநாள்
ஜெறோமின் டிஸ்டோர்ஷன் பெட்டியைத் தூக்கி,
இது என்ன என்றார்கள்.
அவன் தனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னான்:
மிதித்தால் சத்தம் வரும்.

ஆறு துவக்கும் ஒன்றாய் நிமிர்ந்தன.
கையிரண்டையும் மேலே தூக்கிக்கொண்டு
அந்தச் சத்தத்தை நான் வாயால் செய்து காட்டினேன்,
நாற்பது விநாடியும்.
ஒரு பொடியன் சிப்பாய் சிரித்துவிட்டான்.
பெட்டி திரும்பி வந்தது. பற்றறி வரவில்லை.
ஜெறோமும் அந்த வருடமே மெல்பேர்ன் போய்
வரவில்லை.

"மறுகா?"

சம்மாந்துறையில் 'உமி'.
நிஃப்ராஸ் பகலில் தையல் மெஷின் மிதிப்பான்,
இரவில் அதே காலால் ட்றம்ஸ்.
அரிசி ஆலைக்குள் பழகினோம்,
ஆலை இரைச்சலுக்குள் எங்கள் இரைச்சல் ஒளிந்துகொள்ளும்.
ஏழு மாதம் ஹாஜியாருக்குத் தெரியாது.
ஒருநாள் நடுப்பாட்டில் பெல்ட் அறுந்து
ஆலை நின்றது.
உடுப்பில்லாமல் சந்தியில் நிற்பதுபோல்
என் குரல் மட்டும் நின்றது.
கணக்குப் புத்தகத்தோடு வந்த ஹாஜியார்
நெல் மூட்டையில் இருந்து
"முடிங்க, முடிச்சிட்டுப் போங்க" என்றார்.

"மறுகா?"

டச்பாரில் நத்தார் நடனம்.
விடியப்புறம் மூன்று மணி, எல்லாருக்கும் களைப்பு.
சாமான்களை வைத்துவிட்டுப் போவோம்,
ஆட்டம் ஓய்ந்த பிறகு நாளைக்கு ஆறுதலாக எடுப்போம் என்றேன்.
நான்தான் சொன்னேன்.
இருபத்தாறாம் தேதி காலை
எடுக்கவென்று அல்போன்ஸ் போனான்.

இந்த இடத்தில் அவள் மறுகா என்று கேட்கவில்லை.
பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

நானாகவே சொன்னேன்:
இரண்டு வருடம் வாய் சாப்பிட மட்டும்.
பிறகு அறுகம்பே ஹோட்டல் ஒன்றில்,
ஓர் இரவுக்கு மூவாயிரமும் ஒரு ஃப்ரைட்றைஸும்.
சறுக்க வந்தவர்கள் அவரவர் ஊர்ப் பாட்டைக் கேட்டார்கள், கொடுத்தேன்.
ஆறு சீசன்,
கடலுக்கு முதுகைக் காட்டியே பாடினேன்.
முதலாளி அதை ஸ்டைல் என்று நினைத்தார்.

"இப்ப?"
இப்ப சனிக்கிழமைகளில்.
பேஸுக்கு ஆஸ்பத்திரித் தாதி ஒருத்தி,
ட்றம்ஸுக்கு மூட்டுவலியோடு நிஃப்ராஸ்.
பெயர் இன்னும் வைக்கவில்லை. மேல் சுரம் எட்டுவதில்லை,
எட்டாத இடத்தில் நின்று கத்துகிறேன், அதுவும் நல்லாத்தான் இருக்கு.

"பாடிக் காட்டணுமா?"
"வேண்டாம் அன்ரி. ஃபோட்டோ ரெண்டு போதும்."
கைப்பையிலிருந்து கொடுத்தேன்.
இதில் வாய் திறந்திருக்கு என்றாள்.
வேறு கொடுத்தேன். அதிலும்.
எண்பத்தைந்திலிருந்து தேடினாலும்
வாய் மூடின வெரோனிக்கா செலர் ஒருத்தியும்
என்னிடம் இல்லை.

மணிக்கூட்டுக் கோபுரத்தடி ஸ்டூடியோவில்
வெளிச்சத்துக்கு முன் இருக்கிறேன்.
"மூடுங்க அன்ரி" என்கிறான்.
மூடுகிறேன்.
"அன்ரி."