நான்காவது மணி

ஒரு மணியோடு நின்றால்
படகு கரை சேர்ந்தது.
இரண்டு என்றால் வலை காலி, உலை வைக்காதே.
மூன்று: ஐஸோடு வா.

முவான்சா மீன்துறையில் இப்படித்தான்
ஐந்நூறு ஷில்லிங் ரீசார்ஜை
மாதக் கடைசிவரை இழுப்பான் மசாலு.
"எடுத்துத் தொலைக்காதே, காசு போயிடும்."
தாலி மாதிரி
கபுலா கழுத்தில் தொங்கும் சொல்.

நேற்று ஏரியில் பேய்க்காற்று.
ஒன்று. இரண்டு. மூன்று.
நான்கு.
நான்குக்கு அவர்கள் பொருள் வைக்கவில்லை.

மாவு விரலோடு எடுத்துவிட்டாள்.
இரைச்சல். தண்ணீர். பிறகு அவன்:
"ஏன்டி எடுத்தே?
விரல் விறைச்சுப்போச்சு, கட் பண்றதுக்குள்ள..."
திட்டி முடிப்பதற்குள் பேலன்ஸ் தீர்ந்தது.

இரண்டா, மூன்றா, கேட்கவில்லை.
உலையை வைத்துவிட்டு
ஐஸையும் தூக்கிக்கொண்டு
இறங்கி ஓடினாள்.