சில்லறையோடு ஏறு

மென்பொருளோடு இலவசமாய் வந்தவை நூற்று நாற்பது.
ஏடு புரளும், இதயம் வெடிக்கும்,
நட்சத்திரம் ஒன்று சுழன்று பெரிதாகி
மணப்பெண்ணின் மூக்கிலிருந்து நேரே கேக்கில் கொண்டுபோய் இறக்கும்.
லாகோஸில் சனிக்கிழமை மணந்தவர்களில் பாதிப்பேர்
அந்த நட்சத்திரத்துக்குள் புகுந்து வந்தவர்கள்தான்.

"யாரிடமும் இல்லாதது வேண்டும்" என்றாள் ஒமொலாரா,
முன்பணத்தை இரண்டாம் முறை எண்ணியபடி.
தேவாலயத்துக்கும் விருந்து மண்டபத்துக்கும் நடுவே
ஒரு வினாடிக்கும் குறைவான காலி மனை.
அதில் நான் எதையாவது கட்ட வேண்டும்.

விடியலில் ஓஜுவெலெக்பா பாலத்தடியில் முக்காலியை விரித்தேன்.
முதல் மூன்று பேருந்தும் வீண்:
ஒன்றில் கூட்டம்,
ஒன்று நடுவில் நின்று என்னைத் திட்டியது,
ஒன்றில் மஞ்சளே இல்லை, துரு.
நான்காவது வந்தது.
மஞ்சள் உடம்பு, கறுப்புக் கோடு,
கண்ணாடி என்றைக்கோ போய்விட்ட ஜன்னல்கள்,
கதவில் ஒற்றைக்காலில் தொங்கும் நடத்துனர்.
இடமிருந்து வலம்.
பத்தொன்பது ஃபிரேம்.

பிறகு நான்கு இரவுகள்.
ஜெனரேட்டர் முனக முனக
தெருவிலிருந்து வண்டியை உரித்தேன்,
மீனிலிருந்து முள்ளை அல்ல, முள்ளிலிருந்து மீனை எடுப்பதுபோல.
விளிம்பில் ஒரு புள்ளி.
அடுத்த ஃபிரேமில் அதே புள்ளியைத் தேடிப் பிடித்து நகர்த்து.
அடுத்ததில். அடுத்ததில்.
வண்டி ஒரு சுவர்; சரி. சுவரில் ஓட்டைகள் இருந்தன.
முன் ஜன்னலில் பாதிரியார் இன்னும் பேசிக்கொண்டிருக்க வேண்டும்,
பின் ஜன்னலில் மேளம் தொடங்கியிருக்க வேண்டும்.

அந்த ஆள்தான் படுத்திவிட்டான்.
சட்டை காற்றில் அடித்து
ஃபிரேமுக்கு ஃபிரேம் வேறொருவன் ஆனான்.
முழங்கைக்கு மட்டும் நாற்பத்தொரு புள்ளி.
அழித்திருக்கலாம். கதவை மூடினால் தீர்ந்தது.
மூன்றாம் இரவு, பெட்ரோல் அடியைத் தொடும் நேரம், மூடியும் பார்த்தேன்:
வெறும் மஞ்சள் பலகை.
மறுபடி தொங்கவிட்டேன்.

ஒமொலாரா பார்த்தாள், சிரித்தாள்,
இன்னொரு தடவை போடு என்றாள்,
மீதிப் பணத்தில் கொஞ்சம் குறைத்தாள்.

சேமிக்கும்போது பெயர் கேட்டது கணினி.
'பேருந்து இறுதி 3' என்றேன்.
என்னிடம் வேலை பார்க்கும் ஜிமோவின் கண்ணில் அது பட்டிருக்கிறது.
பதினொரு கல்யாணம்,
ஒரு குழந்தையின் பெயர்சூட்டல்,
தொண்ணூறு வயதுக்காரர் ஒருவரின் அடக்கம்.
சவப்பெட்டிக்கும் சோற்றுத்தட்டுக்கும் நடுவே
அழைப்பில்லாமல் வந்து
அழைப்பில்லாமல் போனான் நடத்துனர்.
யாரும் புகார் சொல்லவில்லை.
இறந்தவரின் மனைவி மட்டும் கேட்டாராம்,
அந்த வண்டி எங்கே போகிறது?
"யாபாவுக்கு" என்றானாம் ஜிமோ.

போன செவ்வாய், மழை. ஓடிப்போய்த் தொற்றினேன்.
"சில்லறையோடு ஏறு! சில்லறையோடு ஏறு!"
குரலைத் தெரியவில்லை; நான் எடுத்தது ஒலியில்லாத படம்.
கை நீண்டது. முழங்கை.
அதன் நடுவில் ஒரு தழும்பு,
பழையது, ஆழமானது, தையல் சரியாகப் போடாதது.
என் நாற்பத்தொன்றில் ஒரு புள்ளிகூட அதைத் தொட்டதில்லை.
நான்கு இரவும் நான்
விளிம்பிலேயே சுற்றி வந்திருக்கிறேன்.

சொல்லிவிட வாயைத் திறந்தேன்:
ஐயா, பதிமூன்று குடும்பங்களின்...
"ஆயிரமா? சில்லறைக்கு நான் எங்கே போவேன்?"
நான் "ஓ வா!" என்று கத்த, வண்டி உதறி நின்றது.
என்னோடு இறங்கினாள் தக்காளிக் கூடைக்காரி ஒருத்தி.
அவளுக்கும் எனக்கும் தரவேண்டிய பாக்கியைச் சேர்த்து
ஒரே ஐந்நூறு நைரா நோட்டாக என் கையில் திணித்தான்.
இந்த ஊரில் இதற்குப் பெயர்
கல்யாணம் செய்து வைப்பது.

வண்டி கிளம்பி எங்கள் முன்னால் கடந்தது.
இடமிருந்து வலம்.
பழக்கதோஷம், மூச்சைப் பிடித்து
பின் ஜன்னலைப் பார்த்தேன்.

அதே தெரு. அதே மழை.
கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டே அவள் கேட்டாள்:
"சரி, எங்கே மாற்றலாம்?"