காணும், காணாது

பரீட்சைக்கு இன்னும் பத்தொன்பது நாள்.
லீசிங் கொம்பனியின் சுன்னாகக் கிளையில்
சோற்றுப் பார்சலுக்குப் பக்கத்தில்
எம்.பி.ஏ. நுழைவு வழிகாட்டி விரிந்து கிடக்கிறது.

விகிதம், நிகழ்தகவு சமாளிப்பேன்.
ஆங்கில வாசிப்பு என்று வந்தால்
யாரோ ஒரு நிபுணர் திமிங்கிலத்தைப் பற்றி
நாலு பந்தி சண்டை பிடிக்கிறார்;
அவர் திமிங்கிலத்தின் பக்கமா எதிர்ப்பக்கமா,
மூன்றாம் தரமும் பிடிபடவில்லை.

எனக்கு வாய்ப்பது தரவுப் போதுமை.
கணக்கைச் செய்து முடிக்க வேண்டாம்.
தந்திருப்பது காணுமா, காணாதா?
அவ்வளவுதான் கேள்வி.

மூன்று மணிக்கு ஏழாலை.
நிலுவைப் பட்டியலில் நாலாவது பெயர் தவமலர்,
லாண்ட்மாஸ்டர் கடன், மூன்று தவணை பிந்தி.
கூற்று ஒன்று: அவவுக்கு இந்தமுறை வெங்காயம் நல்ல விளைச்சல்.
கூற்று இரண்டு: ஊரில் எல்லாருக்கும் நல்ல விளைச்சல்.
தனித்தனியே காணாது.
சேர்த்து வாசித்தால் விடை வந்துவிடுகிறது,
கொட்டிலில் கூரைவரை குவிந்து,
முளைவிட்டு.

“பிள்ளை, இவ்வளவு நாளும் கட்டினது காணாதோ?”

வட்டிக்குக் காணும், அக்கா.
முதலுக்குக் காணாது.

ஒரு கேள்விக்கு இரண்டு நிமிஷம்தான் தருவார்கள்.
நான் முற்றத்தில் இருபது நிமிஷம் நின்றேன்.
ரசீதுப் புத்தகம் திறக்கவில்லை.
போகும்போது ஸ்கூட்டிக் கொழுவியில்
ஒரு பிடி வெங்காயம் தொங்கவிட்டா, கேளாமலே.
அதை எந்த நிரலில் எழுதுவது?

இரவு படிக்க இருந்தேன்.
நிகழ்தகவு முழுக்க
வெங்காய மணம்.