எடை

சீட்டுக் குலுக்கலில்
மர்தீனுக்குச் "சத்தம்" வந்தது,
இளவேனிலுக்கு "அரிப்பு".
என் சீட்டில் "எடை".
ஒரு வாரம். வரைய வேண்டும்.
ரப்பர் கூடாது.
தெரிந்த இடம் கூடாது.

எனக்கு முகம் வரும்.
பள்ளிக்கூடத்தில் பதினோரு வாத்தியார்களை வரைந்து
மெடல் வாங்கியவள்.
கருவிழியில் ஒரு பொட்டு வெள்ளையை விட்டுவைத்தால் போதும்,
தாளிலிருந்து ஆள் நம்மைப் பார்ப்பார்.
எடைக்குக் கண் எந்தப் பக்கம் இருக்கிறது?

மூன்று நாள் விடுதி அறையில்
இரும்புக் குண்டு, சிமெண்ட் மூட்டை, பிள்ளைத்தாச்சி,
கடைசியில் தராசு.
தராசை வரைகையில் எனக்கே வெட்கமாக இருந்தது.

நாலாம் நாள் இருட்டில்
புதுச்சேரியிலிருந்து கடலூர் பஸ்.
முள்ளோடையோடு சாராயக்கடைப் பலகைகள் முடிந்தன.
அதற்கப்பால் எனக்கு ஒருவரையும் தெரியாது.

முதுநகர் துறைமுகத்தில்
கடலுக்கு முன்னால் காதில் விழுந்தது
ஐஸ் அரைக்கிற மெஷின்.
மர்தீனுக்கு வேண்டியதெல்லாம் அங்கே
சும்மா கிடந்தது.

கொக்கி மாட்டி ஐஸ் பாரை இழுத்துக்கொண்டிருந்தவனுக்கு
என் வயசுதான் இருக்கும். தேசிங்கு என்று கூப்பிட்டார்கள்.
"இன்னா வரையிற?"
எடை என்றேன்.
"ஃபேக்டரில அம்பது கிலோ.
இங்க வந்து எறங்கசொல்ல நாப்பத்தஞ்சு.
நீ எத எழுதிக்கிற?"
பதிலுக்கு நிற்கவில்லை. ஐஸ் நிற்காது.

ஈரத் தாளில் கரி பிடிக்கவில்லை.
ஏலம் விடுகிற அம்மாள்
வழியில் குந்தாதே என்று திட்டினாள்.
கூடைக்காரர் ஒருவரின் பாதம்
என் ஓரத்தாள்மேல் முழுசாக விழுந்தது.
ஐந்து விரலும் அகன்று,
கட்டைவிரல் மட்டும் இன்னும் கறுப்பாக.
அதைப் பத்திரப்படுத்தத் தோன்றவில்லை.
கசக்கிப் போட்டேன்.

பிறகு கொக்கியைக் கேட்டேன்.
அவன் சிரித்தான். கொடுத்தான்.

அசையவே இல்லை.
அசையவே இல்லை.
அசைந்தபோது நிற்கவில்லை.
நேராக என் முழங்காலெலும்பில் வந்து இடித்து,
ஒரு நிமிஷம் எனக்குத் துறைமுகமே வெள்ளையாகிப்போனது.
யாரோ "அய்யோ பொண்ணு" என்றார்கள்.
யாரோ, "பாரு ஒடஞ்சுதா?"

மிச்சமிருந்த ஒரே பெரிய தாளை
சிமெண்டில் விரித்துவிட்டு நகர்ந்துகொண்டேன்.
பதினான்கு பார்கள் அதன்மேல் போயின.

துருக்கோடு, செதில், கிழிசல்,
நடுவில் ஒரு சாம்பல் ஈரம்.
ஜூரியில் லூர்துநாதன் சார் மூக்கைப் பிடித்துக்கொண்டு
"இதுல நீ எங்கம்மா?" என்றார்.
தெரியலை சார் என்றேன்.
மெடல் வாங்கிய காலத்தில்
இப்படி ஒரு பதில் என் வாயில் வந்ததே இல்லை.
பி மைனஸ்.
இளவேனில் கையைச் சொறிந்துகொண்டே ஏ வாங்கினாள்.

முழங்கால் நீலம் பச்சையாகி
மஞ்சளாகிப் போய்விட்டது.
வரைந்து வைத்திருக்கலாம்.

மீன் வாடை போகாத கோப்பின்மேல்தான்
இப்போதெல்லாம் விடுதிப் பூனை படுக்கிறது.
தாள் எடுக்க ராத்திரியில் அதைத் தூக்குகிறேன்.
தூங்குகிற பூனை
விழித்திருக்கிற பூனையைவிடக் கனம்.