அமைதி வகைக்கு

கட்டிங் வேஸ்ட் அடைத்த சாக்குகளைச்
சுவரோடு சுவராக அடுக்கித்தான் எங்கள் ஸ்டுடியோ.
பல்லடம் ரோட்டில், பேக்கரிக்கு மாடியில்.
பனியன் துணி சத்தத்தை நன்றாகக் குடிக்கும்.
கீழே தேங்காய் பன் வெந்தால் மட்டும்
எந்த மைக்கிலும் ஏறாத வாசம்
படியேறி வரும்.

ஹசீனாவுக்கு இருபத்தாறு.
எனக்கு நாற்பத்தொன்று. அதில் பதினெட்டு வருஷம்
செக்கிங் டேபிளில் ஓட்டை தேடிய கண்.
"காதால தேடுவீங்களா சென்னியண்ணா?"
முதல் நாள் அவள் கேட்டது அவ்வளவுதான்.
பிறகு கேபிளைச் சுருட்டக் கொடுத்தாள்.
ஒரு சுற்று மேலாக, ஒரு சுற்று உள்ளாக,
கிணற்றுக் கயிறு மாதிரி இழுக்காமல்.
பத்து நாள் அதுவே.

சோமனூர் தாண்டி ஒரு தறிக்குடோன்.
படத்தில் அது மூடிக் கிடக்கிறது.
நிஜத்தில் இருபத்துநாலு தறி, ராப்பகல் ஓட்டம்.
"இந்த இடம் சும்மா இருக்கற சத்தம்
ஒரு நிமிஷம் வேணுங்க" என்றாள்.
"சும்மா இருக்கறதுக்கு ஏதுங்க சத்தம்?"
குழந்தைசாமியண்ணன் கால்குலேட்டரை எடுத்தார்.
நிறுத்தினால் நூல் அறும், ஆள் டீக்குப் போகும்,
மறுபடி ஓட்டக் கால்மணி ஆகும்.
ஐந்நூறு.
ரசீது கேட்டோம். எழுதிக் கொடுத்தார்:
'அமைதி வகைக்கு.'

மெயின் விழுந்தது.
நாடாக்கள் பாதி வழியில் நின்றன.
பஞ்சு மட்டும் இறங்கிக்கொண்டே இருந்தது.
ஹெட்போனுக்குள் நான்:
வெயில் தகரக் கூரையை விரிக்கும் டிக்,
இரண்டு காடு தள்ளி ஒரு போர் மோட்டார்,
யாருடைய வயிறோ.
அவள் விரலை இறக்கினாள். தறிகள் கிளம்பின.
அப்போதுதான் பார்த்தேன்,
சிவப்பு எரியவில்லை.
பொத்தானை நான் அழுத்தவே இல்லை.

செக்கிங்கில் ஒரு பீஸ் தப்பினால்
அடுத்த பீஸுக்கு அடியில் தள்ளிவிடலாம்.
இங்கே அடி இல்லை.
சொன்னேன்.
திட்டியிருந்தால் தேவலை.
"எவ்வளவு வெச்சிருக்கீங்க?" என்றாள்.
முன்னூற்று நாற்பது.
மீதியை அவள் போட்டாள், பேட்டாவில் பிடித்துக்கொள்வதாக.

தறிச் சத்தத்துக்கு மட்டும் காசில்லை.
இடைப்பட்ட நேரத்தில் மெட்டுப் போடும் எட்வின்
கைக்கடிகாரத்தை வைத்து எண்ணினான்,
நிமிஷத்துக்கு நூற்று முப்பத்திரண்டு அடி.
பாட்டு பின்னால் அந்த வேகத்தில்தான் வந்தது.

இரண்டாம் முறை. சிவப்பு எரிகிறது,
மூன்று தடவை பார்த்துவிட்டேன்.
முப்பத்தெட்டாவது விநாடியில் பாவாயக்கா
பக்கத்துத் தறிக்காரியிடம்
உயிர் போகிற மாதிரிக் கத்தினாள்:
"ஏனக்கா, இவிய எதுக்குத் தறிய நிறுத்தறாங்ளாமா?"
ரகசியம்தான் பேசினாள்.
அவளிடம் இருந்தது அந்தக் குரல் ஒன்றே.
அது சுவரில் பட்டுத் திரும்பி வந்ததும்
இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"முப்பத்தேழு விநாடி போதும், நீட்டிக்கலாம்."
அன்று ராத்திரி ஹசீனா எழுந்து
நாற்காலியை என் பக்கம் தள்ளினாள்.
வசனத்துக்கும் வசனத்துக்கும் நடுவே
ஓட்டை, ஓட்டை, ஓட்டை.
கண்ணுக்குத் தெரியாது.
காதை மூடித் திறந்தது போல் ஒரு வெறுமை, அவ்வளவே.
குடோனின் சும்மாவைக் கிள்ளிக் கிள்ளி
ஒவ்வொன்றிலும் அடைத்தேன்,
ஓரங்களை இழைத்து இழைத்து.
இரண்டு மணிக்கு இயக்குநர் நிரஞ்சன் வந்தான்.
முழுக் காட்சியும் பார்த்தான்.
"இன்னும் ஒண்ணும் ஆரம்பிக்கலியா?" என்றான்.
ஹசீனா பன்னை இரண்டாகப் பிய்த்து
பெரிய பாதியை எனக்கு வைத்தாள்.

மீதி விநாடிகளை அழிக்கச் சொன்னாள்.
அழிக்கவில்லை.
'பாவாயக்கா 38' என்று பெயர் போட்டு வைத்திருக்கிறேன்,
எந்தப் படத்துக்கென்று தெரியாது.
நூற்று அறுபது ரூபாயை
அவள் இன்னும் பேட்டாவில் பிடிக்கவில்லை.
நானும் ஞாபகப்படுத்தவில்லை.